"புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்த பிறகு

அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் முந்தாநாள் நிலுவையோடு சேர்த்து வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது. மொத்தம் பதினொரு மாதம் ஆனது. இதே வழியில் மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்கு உதவும் என்பதால் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

அப்பா மத்திய அரசு ஓய்வூதியர். அவர் போன பிறகு எல்லாத் தாளையும் கொடுத்தோம், ஒப்புகைச் சீட்டும் வாங்கினோம். நான்கு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. சரி, எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டதே என்று இணையத்தில் குறைதீர்ப்புப் புகார் போட்டேன். 26ஆம் நாள் குறுஞ்செய்தி வந்தது: புகார் முடித்துவைக்கப்பட்டது. திறந்து பார்த்தால் 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது' என்று ஒரே வரி. பணமும் வரவில்லை, என்ன காரணம் என்றும் தெரியவில்லை.

இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் போய் அலுவலகத்தில் நின்றேன். எழுத்தர் கணினியைப் பார்த்துவிட்டு, "சார், உங்க புகார் ஆன்லைன்ல க்ளோஸ் ஆயிடுச்சே, அப்புறம் எதுக்கு இங்க வந்தீங்க?" என்று கேட்டார். அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, உண்மையிலேயே வேலை முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தார். எனக்கு அதுதான் அதிகமாக வலித்தது. கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று கேட்டதற்கு "அது செக்‌ஷன்ல இருக்கும்" என்பதோடு சரி. புகார் முடிந்ததாக வரும் பதிலில் திருப்தி இல்லை என்று குறித்தால் மேல்முறையீடு செய்ய வழி திறக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நீங்கள் அதை விட்டுவிடாதீர்கள்.

அன்று இரவே தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் இணையத்தில் மனு போட்டேன். அதிலும் முதல் தடவை கோட்டை விட்டேன். 'என் தாயாரின் ஓய்வூதியம் ஏன் இன்னும் வழங்கப்படவில்லை?' என்று கேட்டிருந்தேன். 'ஏன்' என்ற கேள்விக்கு விளக்கம் தருவது சட்டம் சொல்லும் 'தகவல்' என்பதற்குள் வராது என்று பதில் வந்தது. போதாக்குறைக்கு மனு என் பெயரில் இருந்ததால், கேட்பது வேறொருவரின் தனிப்பட்ட விவரம் என்றும் ஒரு வரி. ஒரு மாதம் வீண். எரிச்சலாக இருந்தாலும் சட்டத்தைப் படித்துப் பார்த்தபோது புரிந்தது: அலுவலகத்தில் ஏற்கெனவே ஆவணமாக இருப்பதைத்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது மனுவை அம்மா பெயரிலேயே போட்டேன். இந்த முறை 'ஏன்' என்ற சொல்லே இல்லை. விண்ணப்பம் வந்த தேதி, அது எந்தெந்த அலுவலரிடம் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தது, அவர்களுடைய பதவி, கோப்பின் குறிப்புப் பக்கங்களின் நகல், புகாரை முடித்துவைக்க ஒப்புதல் தந்த குறிப்பின் நகல். இவ்வளவுதான் கேட்டேன். குறிப்புப் பக்கம், அதாவது அலுவலர்கள் கோப்புக்குள் தங்கள் குறிப்புகளை எழுதும் நோட் ஷீட், கட்டாயம் கேளுங்கள். கடிதப் போக்குவரத்தில் தெரியாதது அதில்தான் தெரியும்.

மத்திய அரசுத் தளத்தில் மனு போடும்போது கவனிக்க வேண்டியவை: பெட்டிக்குள் 3000 எழுத்துக்குறிகள் வரைதான் இடம், அதுவும் ஆங்கில எழுத்து, எண், சில குறியீடுகள் மட்டும். தமிழில் எழுதுவதானால் பி.டி.எஃப். ஆக்கி இணைக்க வேண்டும். அது ஒரு எம்.பி.க்கு மேல் போகக்கூடாது, கோப்பின் பெயரில் இடைவெளி இருக்கக்கூடாது. கட்டணம் 10 ரூபாய். பணம் போன பிறகு பதிவு எண் வராவிட்டால் பதறி மறுபடி கட்டாமல் ஓரிரு நாள் காத்திருங்கள். மாநில அரசு அலுவலகத்துக்கான மனுவை அங்கே போட்டால் திரும்பி வந்துவிடும், கட்டிய பணம் திரும்பாது.

சட்டப்படி 30 நாள் கெடு. 29ஆம் நாள் பதில் வந்தது: கோப்பு கணக்கு அலுவலகத்தில் இருக்கிறது, அங்கே கேட்டுக்கொள்ளவும். அன்று நான் சோர்ந்து போனது உண்மை. ஆனால் 6(3) பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. தகவல் வேறொரு அலுவலகத்தில் இருந்தால் மனுவை ஐந்து நாளுக்குள் அவர்களே அங்கே மாற்றி அனுப்ப வேண்டும், நம்மை அலையவிடக் கூடாது. தவிர, புகாரை முடித்துவைத்தது இந்த அலுவலகமே, அந்தக் குறிப்பு வேறெங்கே இருக்க முடியும்? இந்த இரண்டையும் மட்டும் எழுதி முதல் மேல்முறையீடு போட்டேன். பதில் கிடைத்த 30 நாளுக்குள் போட வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. பலர் முதல் பதிலோடு நின்றுவிடுகிறார்கள், நானும் நின்றிருப்பேன். தயவுசெய்து நிற்காதீர்கள்.

மேல்முறையீட்டு அலுவலர் மூன்று வாரத்தில் உத்தரவு போட்டார்: பத்து நாளுக்குள் எல்லா நகலும் தர வேண்டும், கெடு தாண்டிவிட்டதால் 7(6) பிரிவின்படி இலவசமாக. வழக்கமாகப் பக்கத்துக்கு 2 ரூபாய். பதினான்கு பக்கத்துக்கு 28 ரூபாய் மிச்சம் என்பது பெரிய விஷயமில்லை, ஆனால் அந்த வரியைப் படித்தபோது அம்மா முகத்தில் பல மாதம் கழித்து ஒரு சிரிப்பு வந்தது.

ஆறாவது பக்கத்தில் காரணம் இருந்தது. ஓய்வூதிய ஆணையில் அம்மா பெயருக்கு முன்னால் தாத்தாவின் இனிஷியல், ஆதாரில் அப்பாவின் இனிஷியல். 'மனுதாரரிடம் விளக்கம் கேட்கலாம்' என்று குறிப்பு எழுதி, கடிதமும் தயாராகி, கையெழுத்தும் ஆகியிருக்கிறது. அனுப்பப்பட்டதாக மட்டும் எந்தப் பதிவும் இல்லை. எங்கள் வீட்டுக்கு வராத ஒரு கடிதத்துக்கு எங்கள் பதிலை எதிர்பார்த்து கோப்பு மாதக்கணக்கில் காத்திருந்தது. 'மனுதாரரின் பதில் நிலுவையில் உள்ளது' என்பதைக் காரணமாகக் காட்டித்தான் புகாரையும் முடித்திருக்கிறார்கள். அந்த ஒரு வரியை அன்றே புகார்ப் பக்கத்தில் போட்டிருந்தால் ஒரே வாரத்தில் தீர்ந்திருக்கும். அலுவலகத்துக்குள் தெரிந்த காரணத்தை, அந்தக் கோப்பின் சொந்தக்காரருக்குத் திரையில் காட்டுவதில் என்ன சிரமம்? தளத்தை இவ்வளவு சிரமப்பட்டுக் கட்டியவர்கள் இதையும் செய்திருக்கலாம்.

இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எழுதி, நகலின் ஆறாவது பக்கத்தையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஆறு வாரத்தில் ஆணை வந்தது. வீட்டில் ஓய்வூதியர் இருந்தால், ஓய்வூதிய ஆணையில் துணைவியின் பெயர் எப்படி இருக்கிறது என்பதை அவர் இருக்கும்போதே ஆதாரோடு வைத்துப் பாருங்கள். அப்பா இருந்திருந்தால் ஒரு கையெழுத்தில் சரிசெய்திருப்பார்.