எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு அடுத்த கேள்வி

மின்கம்பி எட்டாத இடத்துக்கு சோலார் போட வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது அநேகமாக இதுதான்: "வெயில் இல்லாவிட்டால் பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?" நியாயமான கேள்வி. ஆனால் இந்த வேலையில் இருக்க இருக்க, அதற்கு அடுத்த கேள்விதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. இறங்கிய பேட்டரி மறுபடி முழுதாக நிரம்ப எத்தனை நாள் ஆகும்? இதை யாரும் கேட்பதில்லை. கொட்டேஷனிலும் இதற்கென்று ஒரு வரி இருப்பதில்லை. நான் பார்த்தவரை ஆஃப்-கிரிட் அமைப்புகள், அதாவது மின்வாரிய இணைப்பே இல்லாதவை, படுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கிரிட்டோடு இணைந்த சோலாரில் கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளித்துவிடலாம். குறைவதைக் கிரிட் கொடுக்கும், மிஞ்சுவதை எடுத்துக்கொள்ளும். ஆஃப்-கிரிட்டில் அப்படி யாரும் பின்னால் நிற்பதில்லை. மாலை 6 மணிக்கு பேட்டரியில் என்ன மிச்சமோ அதுதான் விடியும்வரை.

அதனால் நான் பேனலிலிருந்து தொடங்குவதில்லை, லோடிலிருந்துதான் தொடங்குவேன். அதிலும் சாதனங்களின் பட்டியலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் போதாது. யார், எப்போது, எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று உட்கார்ந்து பேச வேண்டும். ஒரு சிறிய மருத்துவ நிலையத்துக்குக் கணக்குப் போட்டபோது, லைட் எத்தனை மணி நேரம் எரியும் என்று கேட்டேன். பொறுப்பில் இருந்தவர் ஐந்து மணி நேரம் என்றார். பக்கத்தில் நின்ற செவிலியர், "பிரசவ கேஸ் வந்துட்டா விடிய விடிய எல்லா லைட்டும் எரியும் சார்" என்றார். அந்த ஒரு வாக்கியம் என் கணக்கை மாற்றிவிட்டது. சராசரி நாள் எப்படி இருக்கும் என்பதைப் பட்டியல் சொல்லும். மோசமான இரவு எப்படி இருக்கும் என்பதை அங்கே வேலை செய்கிறவர்கள்தான் சொல்ல முடியும். அமைப்பு நிற்குமா விழுமா என்பது தெரிவதும் அந்த இரவில்தான்.

அந்த அளவிலான ஓர் இடத்தின் கணக்கு எப்படி வரும் என்று பார்க்கலாம். 9 வாட் லைட் எட்டு, ஐந்து மணி நேரம்: 360 வாட்-அவர். 30 வாட் பிஎல்டிசி ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் வகை) மூன்று, பத்து மணி நேரம்: 900. தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டிய ஃப்ரிட்ஜ், நாள் முழுவதும்: சுமார் 1,000. லேப்டாப் 240, நிற்காமல் ஓடும் 10 வாட் ரௌட்டர் 240. மொத்தம் 2,740. பலர் இங்கேயே கோடு போட்டுவிடுவார்கள். ஆனால் இன்வர்ட்டர் எதையும் ஓட்டாமல் வெறுமனே ஆன் ஆகி நிற்கவே 40 வாட் இழுக்கலாம். 24 மணி நேரத்துக்கு அது 960 வாட்-அவர். கிட்டத்தட்ட இன்னொரு ஃப்ரிட்ஜ்! அதையும் சேர்த்தால் 3.7 யூனிட் (1,000 வாட்-அவர் ஒரு யூனிட்). பேட்டரி தரும் டிசியை (ஒரே திசை மின்சாரம்) சாதனங்களுக்கு வேண்டிய ஏசியாக (மாறுதிசை மின்சாரம்) மாற்றும் இழப்புக்குக் கொஞ்சம் கூட்டி நாளொன்றுக்கு 4 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். பிரசவ இரவு வந்தால் இன்னும் அரை யூனிட் கூடும்.

பெரிய இன்வர்ட்டராகப் போட்டுவிட்டால் பின்னால் கவலையில்லை என்று நினைக்கிறவர்களுக்கு நான் இந்த 960-ஐத்தான் காட்டுவேன். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது இழுப்பதைவிட ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும் என்பது உண்மைதான். அதைத் தாங்கும் இன்வர்ட்டர் வேண்டும். ஆனால் அந்தச் சில நொடிகளுக்காக நாள் முழுக்கப் பேட்டரி வாடகை கட்டக் கூடாது. மோட்டாரை மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட முடியுமா, மோட்டாரையே மாற்ற முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

சரி, பேட்டரிக்கு வருவோம். இரண்டு நாள் தாங்க 8 யூனிட் வேண்டும். லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதம் எடுக்கலாம் என்று வைத்தால் கொள்ளளவு 10 யூனிட். 51.2 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று இதற்குச் சரியாக இருக்கும். ஈய-அமில பேட்டரி என்றால் பாதிக்குக் கீழே இறக்காமல் இருப்பது நல்லது, ஆக 16 யூனிட். இதுவரை எல்லாரும் போடும் கணக்குதான்.

பேனலில்தான் ஆட்கள் கையைச் சுருக்குகிறார்கள். மழை, மேகமுள்ள மாதத்தில் ஒரு நாளைக்குக் கிடைக்கும் முழு வெயில் 3 மணி நேரம் என்று கொள்ளுங்கள். தூசி, ஒயர், சார்ஜ் கன்ட்ரோலர் (பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறுவதைக் கட்டுப்படுத்தும் கருவி), பேட்டரிக்குள் போய் வரும் இழப்பு, பேனலின் சூடு எல்லாம் கழிந்து 70 சதவீதம் கைக்கு வரும். பேனலின் வாட் கணக்கு அதன் செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. கொளுத்தும் வெயிலில் செல் 60 டிகிரியைத் தாண்டும், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.35 சதவீதம்போலக் குறையும். ஆக 4 யூனிட்டை மூன்றாலும் 0.7-ஆலும் வகுத்தால் 1.9 கிலோவாட் பேனல். காகிதத்தில் சரியாக இருக்கிறது. ஆனால் இது அன்றைய செலவை அன்றைக்கு ஈடுகட்ட மட்டுமே போதும். இரண்டு நாள் மேகத்தில் 8 யூனிட் இறங்கிவிட்டது, மூன்றாம் நாளிலிருந்து அதே அரைகுறை வெயில் என்றால், இறங்கியது இறங்கியதுதான். அதைத் திருப்பி நிரப்ப மிச்சமாக எதுவும் வராது. அடுத்த மேகம் வரும்போது பேட்டரி ஏற்கெனவே காலி.

அன்றன்றைய 4 யூனிட்டோடு, இறங்கிய 8 யூனிட்டையும் மூன்று நாளில் ஏற்ற வேண்டும் என்று வைத்துக் கணக்குப் போட்டால் பேனல் 3.2 கிலோவாட்டுக்கு வருகிறது. நான் அந்த எண்ணைத்தான் எழுதுவேன். வெயில் காலத்தில் பாதிக்கு மேல் வீணாகுமே என்று கேட்பார்கள். வீணாகட்டும். இன்று அமைப்பில் விலை மலிந்த பாகம் பேனல், விலை ஏறிய பாகம் பேட்டரி. மலிவானதை அதிகமாகப் போட்டு விலை உயர்ந்ததைக் காப்பாற்றுவது சரியான வழி என்று எனக்கு உறுதியான எண்ணம்.

இதற்கு நேர் எதிராகச் செய்த ஓர் இடத்தைச் சரிபார்க்கப் போயிருந்தேன். ஈய-அமில பேட்டரி. இரவில் பேக்கப் போதவில்லை என்று சொன்னதும், முதலில் போட்டுக் கொடுத்தவர்கள் பழைய பேட்டரிகளோடு பேரலலாக இன்னொரு செட் சேர்த்திருந்தார்கள். பேனல் அப்படியே. சில மாதத்தில் முன்பைவிட மோசம். மூன்றாவது செட் வாங்கலாமா என்று கேட்கத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். மாலை 4 மணி, வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. மூடியைத் திறந்து, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை விட்டு ஒவ்வொரு செல்லாகப் பார்த்தேன். முழுதாகச் சார்ஜ் ஆன செல் 1.265-க்கு மேல் காட்ட வேண்டும். இங்கே 1.190, 1.200 என்று நின்றது. அதாவது, நாளெல்லாம் வெயில் அடித்து முடிந்த நேரத்தில் பேட்டரி பாதிதான் நிறைந்திருக்கிறது. கன்ட்ரோலரின் பதிவில் பல வாரமாக ஃப்ளோட் (பேட்டரி நிரம்பிய பிறகு வரும் கட்டம்) என்ற சொல்லே இல்லை.

வாய்க்காலில் வரும் தண்ணீர் அதே அளவாக இருக்கும்போது குளத்தை மட்டும் அகலப்படுத்தினால் எப்படி நிரம்பும்? ஈய-அமில பேட்டரியில் இது இன்னும் கேடு. டிஸ்சார்ஜ் ஆகும்போது தகடுகளில் ஈய சல்பேட் படிகிறது. முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் அது கரைந்து திரும்பிவிடும். பாதியில் விட்டுவிட்டால் நாளடைவில் படிகமாக இறுகிப்போய், பிறகு கரையாது. கடைசி 15, 20 சதவீதத்தை ஏற்றுவதுதான் மெதுவான வேலை. பேட்டரி வாங்கும் கரண்ட் குறைந்துகொண்டே வரும், அதற்கே மூன்று நான்கு மணி நேரம் வேண்டும். காலையில் வேகமாக ஏறி மதியத்துக்குள் 80 சதவீதத்தைத் தொட்டால்தான் மாலைக்குள் அது முடியும். அங்கே மூன்றாவது செட் வேண்டாம் என்று சொல்லி, பேனலைக் கூட்டி, எல்லாச் செல்களையும் சமமாக நிரப்பும் ஈக்வலைசேஷன் சார்ஜ் நீளமாகக் கொடுத்தோம். சில செல்கள் மீண்டன. சில மீளவில்லை. வயதால் அல்ல, பசியால் செத்த பேட்டரிகள் அவை. பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் வந்த பிறகு இந்தத் தொல்லை பெருமளவு குறைந்திருக்கிறது. பாதிச் சார்ஜில் வாரக்கணக்கில் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆயிரக்கணக்கான சைக்கிள் (ஏறி இறங்கும் சுற்று) உழைக்கும். ஆனால் முழுதாக நிரம்பவே விடாமல் வைத்தால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பெரும்பாலான பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருந்து அதைக் காக்கும் மின்னணுப் பலகை), செல்களைச் சமன் செய்வது சார்ஜின் உச்சியில்தான். அந்த உச்சியை மாதக்கணக்கில் தொடாவிட்டால் செல்கள் ஒன்றுக்கொன்று விலகும், திரையில் காட்டும் சதவீதமும் நம்ப முடியாததாகிவிடும். இந்த வகைப் பேட்டரியில் வோல்டேஜ் பெரும்பகுதி தட்டையாகவே போவதால் வோல்ட்டைப் பார்த்து மிச்சத்தை ஊகிக்க முடியாது. ஷன்ட் என்ற கரண்ட் அளவியை வைத்துப் போகும் வரும் கரண்டை எண்ண வேண்டும். முழுச் சார்ஜ் என்பதுதான் அந்த எண்ணிக்கை மறுபடி சரியாகும் இடம்.

பிஎம்எஸ் தானாக ஆஃப் செய்யும்வரை விட்டுவிடவும் கூடாது. அது முன்னறிவிப்பு தராமல் துண்டித்துவிடும். ஃப்ரிட்ஜ், லைட் எல்லாம் ஒரே நொடியில் போகும். அதனால் இன்வர்ட்டரின் கட்-ஆஃபை அதற்குக் கொஞ்சம் மேலே வைத்து, முடிந்தால் அதற்கும் முன்னதாக ஃபேன்களைக் கழற்றிவிடும் ரிலே (தானாக இயங்கும் சுவிட்ச்) ஒன்றையும் வைத்துவிடுவேன். தடுப்பூசி ஃப்ரிட்ஜ் கடைசியில் போக வேண்டிய லோடு.

ஒயரிங்கில் நான் விட்டுக்கொடுக்காதவை சில உண்டு. 1,000 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 83 ஆம்பியர் ஓடும், 48 வோல்ட்டில் 21-தான். ஒயரில் இழப்பு கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், ஒரே ஒயரில் அது 16 மடங்கு குறைகிறது. பேட்டரி பக்கம் டிசிக்கென்றே செய்த ஃப்யூஸும் பிரேக்கரும்தான் போட வேண்டும். ஏசி கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால், துண்டிக்கும்போது எழும் பொறி அணைய வழி உண்டு. டிசியில் அது இல்லை, பிடித்த பொறி எரிந்துகொண்டே இருக்கும். சிக்கனம் பார்க்கிற இடம் இதுவல்ல.

3.2 கிலோவாட் போட்ட பிறகு வெயில் நாள் நடுப்பகலில் மிஞ்சுவது வீணாகித்தான் தீர வேண்டும் என்பதும் இல்லை. தண்ணீர் மோட்டாரை 11 மணிக்கு மேல் ஓடும்படி டைமர் போட்டால், பேட்டரியைத் தொடாமலேயே மேல்தொட்டி நிறையும். பயன்படுத்துகிறவர்களிடம் இதை ஒருமுறை விளக்கிவிட்டால் போதும், இஸ்திரி, கருவிகளைச் சார்ஜ் ஏற்றுவது என்று அவர்களே நேரத்தை நகர்த்திக்கொள்கிறார்கள்.

அப்புறம் ஜெனரேட்டர். வருடத்தில் வரும் மிக மோசமான ஒரு வாரத்துக்கும் சேர்த்துப் பேட்டரி போடச் சொல்கிறவர்கள் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. அந்தக் கடைசிச் சில நாட்களுக்காக அமைப்பின் விலை எங்கோ போய்விடும். சின்ன ஜெனரேட்டர் ஒன்று போதும், ஆனால் அதை ஓட்டும் நேரம் முக்கியம். இருட்டிய பிறகு லைட் மங்கினால்தான் பலருக்கு அதன் நினைவு வரும். ஈய-அமில பேட்டரி உள்ள இடத்தில் விடியற்காலையில் ஓட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வருவேன். காலியான பேட்டரி அப்போதுதான் நிறைய கரண்ட் வாங்கும், ஜெனரேட்டரும் முழு லோடில் ஓடும், டீசலுக்கு வேலை கிடைக்கும். இரண்டு மணி நேரம் ஓட்டி நிறுத்திவிட்டால், மெதுவாக ஏற வேண்டிய மீதியைப் பகல் முழுதும் பேனல் பார்த்துக்கொள்ளும், மேகத்துக்குள்ளிருந்து வரும் கொஞ்சம் வெளிச்சம்கூட அதற்குப் போதும்.