எம்ஆர்டி நிலையத்தின் அருகே யார் குடியிருப்பது?

கோலாலம்பூரையும் அதன் சுற்றுப்புற நகரங்களையும் உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கில் மக்கள் பெருகுவதைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், எம்ஆர்டி எனும் நகர விரைவு ரயிலின் புதிய தடத்தின் வரைபடம்தான் முதலில் விரிக்கப்படுகிறது. தடத்தை நான் குறை சொல்லவில்லை. 2017இல் முழுமையாகத் திறக்கப்பட்ட 51 கிலோமீட்டர் காஜாங் தடமும், 2023 மார்ச்சில் நிறைவடைந்த 57.7 கிலோமீட்டர் புத்ராஜெயா தடமும் இல்லாத கோலாலம்பூரை இன்று நினைத்துப் பார்க்க முடியாது. 50 ரிங்கிட் மாதப் பயண அட்டை பல குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல். ஆனால், அந்த நிலையங்களுக்கு நடந்து போகும் தொலைவில் குடியிருக்க யாரால் முடிகிறது?

கோலாலம்பூர் அடங்கிய கூட்டரசுப் பிரதேசத்தின் கட்டுப்படி விலை வீடான ரெசிடென்சி விலாயாவின் உச்ச விலை 3,00,000 ரிங்கிட். 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வாங்குபவருக்கு வங்கி கடன் தருவதே அரிது. தந்தாலும் மாதத் தவணை 1,000 ரிங்கிட்டைத் தாண்டும். எனவே அவருக்குத் தேவை வாடகை வீடு. 124 ரிங்கிட் வாடகையில், அரசின் மக்கள் வீடமைப்புத் திட்டமான பிபிஆரின் அடுக்குமாடிகள் இருக்கின்றன. கோலாலம்பூரின் கெரிஞ்சியில் இருப்பவர்கள் எல்ஆர்டி எனும் இலகு ரயிலின் நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம். எல்லா பிபிஆருக்கும் அந்த வாய்ப்பு இல்லை. இணைப்புப் பேருந்தைத் தவறவிட்டால் வேலைக்குத் தாமதம் என்ற நிலை வந்ததும், அந்த வீட்டுப் பிள்ளை கடனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிவிடுகிறான். பிறகு எத்தனை தடம் போட்டாலும் அவன் ரயிலேறுவது கடினம்.

சிலாங்கூரில் காஜாங் தடத்தில் உள்ள குவாசா டாமன்சாராவைப் பாருங்கள். ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்திடமிருந்து ஊழியர் சேமநிதி வாரியத்தின் கைக்குப் போன, 2,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் அது. 2016 டிசம்பரில் ரயில் வந்தபோது நிலையத்தைச் சுற்றிப் பெரும்பாலும் வெற்று நிலமே இருந்தது. (பால்மரம் நின்ற மண்ணின் இன்றைய விலையைத் தோட்டத்தை விட்டு வந்த நம் பெரியவர்களிடம் சொன்னால், அவர்கள் சிரிப்பார்களா பெருமூச்சு விடுவார்களா தெரியவில்லை.) வாடகை வீட்டுக்கு இடம் ஒதுக்க ஏற்ற வேளை அதுதான், கட்டடங்கள் எழுந்து நிலத்தின் விலையும் ஏறிவிட்டால் எந்த அரசுக்கும் அது கட்டுப்படியாகாது.

அடுத்து வரவிருப்பது எம்ஆர்டி 3 என்னும் சுற்றுத் தடம். நிலையங்களை ஒட்டிக் கூடுதல் மாடிகள் எழுப்ப கோலாலம்பூரின் 2040 நகரத் திட்டம் வழிவிடுகிறது. மேம்பாட்டாளருக்கு அது பெரும் ஆதாயம். அதற்கு ஈடாக, அதே வளாகத்தில் ஒரு பங்கு வீடுகளை மாநகர் மன்றத்தின் வாடகை வீடுகளாகக் கேட்டுப் பெறலாம். கார் நிறுத்துமிடங்களைக் குறைத்தால் அதற்கான செலவில் ஒரு பகுதியும் மிஞ்சும். கட்டட அனுமதியில் கையெழுத்திடுவதற்கு முன்பே இந்த நிபந்தனை எழுத்தில் இருக்க வேண்டும்.