விதையில் கட்டி என்று போய், ஸ்கேன் எடுத்துத் திரும்பிய கதை

பரிசோதிக்காமலேயே மருந்து எழுதிக் கொடுத்த அந்த முதல் டாக்டர் மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

எனக்கு இருந்தவை இரண்டு சந்தேகங்கள். ஆண்குறி மொட்டின் விளிம்பைச் சுற்றி, தோல் நிறத்தில், வரிசை பிடித்த மாதிரி குட்டிக் குட்டிப் பருக்கள். வலியோ அரிப்போ இல்லை, வருடக்கணக்காக அப்படியே இருக்கின்றன. இன்னொன்று, இடது விதைக்குப் பின்னால் கைக்குத் தட்டுப்பட்ட ஒரு தடிப்பு. தூக்கத்தைக் கெடுத்தது இந்த இரண்டாவதுதான்.

முதலில் போன கிளினிக்கில் வரவேற்பு மேசையிலேயே சங்கடம். "என்ன பிரச்சினைன்னு சொன்னாத்தான் சீட்டு தர முடியும்" என்று கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் அந்த அம்மா சொல்ல, உட்கார்ந்திருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இப்படி மாட்டிக்கொண்டால் "யூராலஜி (சிறுநீர்ப்பாதை, ஆணுறுப்பு மருத்துவம்), மற்றதை டாக்டரிடம் சொல்கிறேன்" என்பது போதும். அதற்கு மேல் துருவினால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள். கூச்சத்தால் பாதியில் எழுந்து போகிறவர்கள் இந்த மேசையில்தான் போகிறார்கள்.

உள்ளே டாக்டர் பருக்களைப் பற்றிப் பாதி கேட்டதுமே "மருதான்" என்று முடிவு கட்டி, மருவை எரிக்கும் திரவம் ஒன்றை எழுதிவிட்டார். விதைத் தடிப்பைப் பற்றிச் சொல்ல வாய் திறப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாயிற்று. கண்ணால் பார்க்காமல் எழுதிய மருந்தை அந்த இடத்தில் தடவ எனக்கு மனம் வரவில்லை, வாங்கவே இல்லை. அது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்து ஒரு யூராலஜிஸ்ட். கையுறை மாட்டிக்கொண்டு, முதலில் நிற்க வைத்து, இருமச் சொல்லி, அப்புறம் படுக்க வைத்துப் பார்த்தார். நிற்க வைப்பதற்குக் காரணம் இருக்கிறது: விதைக்கு மேலே ரத்தக் குழாய்கள் புடைத்துக்கொள்ளும் வெரிகோசில் பெரும்பாலும் இடது பக்கம்தான் வரும், படுத்தால் அடங்கிவிடும். எனக்கு அது இல்லை. விதையைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் மெதுவாக உருட்டிக்கொண்டே போனவர், என் விரலையே பிடித்து அந்தத் தடிப்பின் மேல் வைத்தார். "இதைத்தானே சொல்றீங்க? இப்ப வலது பக்கம் தொட்டுப் பாருங்க." அங்கேயும் அதே மாதிரி ஒன்று இருந்தது! விதையின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் சுருண்ட குழாய் அது, எபிடிடிமிஸ். எல்லா ஆண்களுக்கும் உண்டு.

பருக்களும் மரு இல்லை. பேர்லி பீனைல் பாப்யூல் என்று பெயர். தொற்று கிடையாது, உடலுறவால் வருவதும் இல்லை, சிகிச்சையும் தேவையில்லை. மரு சொரசொரப்பாக, ஒழுங்கில்லாமல் வரும், எண்ணிக்கை கூடும். இவை மொட்டின் விளிம்போடு ஒரே சீராக நிற்கும். அந்தத் திரவத்தைத் தடவியிருந்தால் நல்ல தோல்தான் வெந்திருக்கும் என்றார். சரி, வந்தது வந்தோம் என்று மனதில் இருந்த மற்றதையும் கேட்டுவிட்டேன். ஒரு விதை மற்றதைவிடத் தாழ்ந்து தொங்குவது, அளவில் சற்று வித்தியாசம், தண்டின் தோலில் வெளிர்மஞ்சள் புள்ளிகள், ஆரம்பம் முதலே இருக்கும் லேசான வளைவு எல்லாமே இயல்புதானாம். புதிதாக வளைந்தால், வலித்தால், உள்ளே கெட்டியாகத் தட்டுப்பட்டால் மட்டும் காட்ட வேண்டும்.

இடது பக்கத் தடிப்பு கொஞ்சம் கூடுதலாக இருந்ததால் உறுதி செய்துகொள்ள ஸ்கேன். இங்கேதான் ஒரு நாள் முழுக்க வீணானது. தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு, வயிறு வலிக்க வலிக்க உட்கார்ந்திருந்து உள்ளே போனால், படிவத்தில் "வயிறு, அடிவயிறு" என்று இருக்கிறது. உதவியாளர் தவறாக எழுதிவிட்டார். "இதுல விதைப்பை இல்லையே, மாத்தி வாங்கிட்டு வாங்க." திரும்பி ஓடினால் டாக்டர் கிளம்பிவிட்டார். விதைப்பை ஸ்கேனுக்கு வெறும் வயிறும் வேண்டாம், நிறைந்த சிறுநீர்ப்பையும் வேண்டாம். டாக்டர் அறையை விட்டு வருவதற்கு முன்பே படிவத்தில் ஸ்க்ரோட்டம் (விதைப்பை) என்று இருக்கிறதா, எந்தப் பக்கம் என்று எழுதியிருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள்.

ஸ்கேன் சீக்கிரமே முடிந்தது. எபிடிடிமிஸில் ஒரு சின்ன நீர்க்கட்டி, கெடுதல் இல்லாதது, அப்படியே விட்டுவிடலாம். விதைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. அந்த வரியைப் படித்தபோதுதான் மூச்சு சீராக வந்தது.

எதற்கெல்லாம் ஓடி வர வேண்டும் என்று யூராலஜிஸ்டிடம் கேட்டேன். திடீரென்று விதையில் கடுமையான வலி, கூடவே வாந்தி என்றால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. அப்பாயின்ட்மென்ட் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்காமல் நேராக அவசரப் பிரிவுதான். பின்னால் இழுத்த முன்தோல் திரும்ப வராமல் இறுகிக்கொண்டாலும், விறைப்பு 4 மணி நேரத்துக்கு மேல் அடங்காவிட்டாலும் அப்படியே. விதையின் மீதே கெட்டியாகக் கட்டி தட்டுப்பட்டால், வலி இல்லையே என்று தள்ளிப்போடக் கூடாது என்பதை மட்டும் அழுத்திச் சொன்னார். விதைப் புற்றுநோய் பெரும்பாலும் வலியில்லாமல்தான் தொடங்கும், இளம் வயதிலேயே வரும், சீக்கிரம் பிடித்தால் பெரும்பாலும் குணமாகும். புண், சீழ், ரத்தம் இருந்தாலும் காட்டிவிட வேண்டும்.

மாதம் ஒரு தடவை, வெந்நீரில் குளித்த பிறகு தோல் தளர்ந்திருக்கும்போது உருட்டிப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். ஸ்கேன் படத்தையும் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் ஏதாவது மாறினால் ஒப்பிட அதுதான் கையில் இருக்கும்.