பிரிந்து போகவும் இடம் வைத்த ஒரு பயணத் திட்டம்

நவம்பர் கடைசியில் நாங்கள் நான்கு பேர் முதுகுப் பையோடு கிளம்புகிறோம். வடக்குத் தாய்லாந்தில் இறங்கி, மேகாங் ஆற்றில் படகேறி லாவோஸ். அங்கிருந்து வியட்நாமின் வடக்குப் பகுதி. மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் அதிகம். டூர் பேக்கேஜ் கிடையாது. டிக்கெட், அறை, எல்லை தாண்டுவது எல்லாம் எங்கள் பொறுப்புதான். மாதக்கணக்காகப் பேசிப் பேசி ஒரு வடிவத்துக்கு வந்திருப்பதை இங்கே எழுதி வைக்கிறேன். இதே பாதையை யோசிப்பவர்களுக்கு மட்டும் இல்லை, நண்பர்களோடு சேர்ந்து எங்கேயாவது கிளம்புபவர்களுக்கும் இதில் சில விஷயங்கள் உதவும் என்று நம்புகிறேன்.

எந்த ஊருக்குப் போகலாம் என்று பேசுவதற்கு முன்னால் பணத்தைப் பேசி முடித்தோம். நான்கு பேருக்கும் ஒரே வருமானம் இல்லை. ஒருத்தி இன்னும் படித்துக்கொண்டிருக்கிறாள். "எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை" என்று ஒருவர் சொல்லிவிட்டால், கையில் இல்லாதவர் வாயைத் திறக்கவே மாட்டார். அதனால் ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் தன்னால் முடிகிற அதிகபட்சத் தொகையைப் பெயர் போடாமல் எழுதிப் போட்டோம். இருப்பதிலேயே குறைந்த தொகை எதுவோ அதுதான் எல்லோருக்கும் பட்ஜெட். அதை எழுதியது யார் என்று இன்று வரைக்கும் யாரும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம். அறை, படகு, ரயில், வேன் இதற்கெல்லாம் பொதுப் பை. சாப்பாடும் வாங்குகிற பொருளும் அவரவர் கணக்கு.

அப்புறம் இன்னொரு சீட்டு. "இது ஒன்று மட்டும் விட்டுப்போகக் கூடாது" என்று ஆளுக்கு ஒன்று. நான் எழுதியது மேகாங் படகு. வரலாறு படிக்கும் தோழி எழுதியது லாவோஸின் ஜாடிச் சமவெளி, பழங்காலக் கல் ஜாடிகள் நிற்கும் இடம். பைக் பித்துப் பிடித்த நண்பன் வடக்கு வியட்நாமின் ஹா ஜியாங் மலைப்பாதை என்று எழுதினான். நர்ஸாக வேலை பார்க்கும் தோழி, "நாலு நாள் ஒரே இடத்தில் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தாள். இந்த நான்கும்தான் பயணத்தின் தூண்கள். இவற்றோடு ஒட்டாத எதையும், எவ்வளவு புகழ்பெற்ற இடமானாலும், பட்டியலில் இருந்து எடுத்துவிட்டோம். வியட்நாமின் ஹாலாங் விரிகுடா பட்டியலை விட்டுப் போனது அப்படித்தான். எனக்கு அதில் வருத்தமே இல்லை.

மாதத்தை முடிவு செய்தது புகையும் மழையும். பிப்ரவரியில் இருந்து ஏப்ரல் வரை வடக்குத் தாய்லாந்திலும் வடக்கு லாவோஸிலும் வயல்களையும் காட்டையும் எரிப்பார்கள். மலை கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் புகை மூட்டம் வந்துவிடும். மே முதல் அக்டோபர் வரை மழை. நவம்பரில் லாவோஸில் மழை விட்டுவிடும், ஆனால் வியட்நாமின் நடுப்பகுதியில், ஹுவே, ஹோய் ஆன் பக்கம், அப்போதும் வெள்ள அபாயம் உண்டு. அதனால்தான் தெற்கே இறங்காமல் வடக்கோடு நிற்கிறோம்.

முன்கூட்டியே எதை உறுதி செய்வது, எதைத் திறந்து வைப்பது என்பதில் நிறைய பேசினோம். கணுக்களை மட்டும் கட்டுவது என்று முடிவானது. முதல் இரவு அறை, எல்லை தாண்டும் நாள், லாவோஸ் தலைநகர் வியந்தியானில் இருந்து வியட்நாமின் ஹனோய்க்கு விமானம், திரும்பும் விமானம், இவ்வளவுதான். நடுவில் இருப்பதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்வோம்.

படகைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் இது என் சீட்டு. வடக்குத் தாய்லாந்தின் சியாங் ராயில் இருந்து பேருந்தில் எல்லையோர ஊரான சியாங் கோங். அங்கே 2013இல் திறந்த நான்காவது தாய்-லாவோ நட்புறவுப் பாலம் இருக்கிறது. அதைக் கடந்தால் லாவோஸின் ஹுவாய் சாய். படகு காலையில் கிளம்பும். எல்லையில் வரிசை நீண்டால் படகு போய்விடும் என்பதால், முந்தின நாளே பாலத்தைத் தாண்டி ஹுவாய் சாயில் தங்குகிறோம். டிக்கெட் படித்துறையிலேயே கிடைக்கும். பயணம் இரண்டு பகல். நடுவில் பாக்பெங் என்ற சின்ன ஆற்றோர ஊரில் இரவு தங்கல், மறுநாள் மாலை லுவாங் பிரபாங். நீளமான மரப்படகு, உட்கார்வதற்கு வேன்களில் இருந்து கழற்றிய பழைய சீட்டுகள். என்ஜின் பின்பக்கம் என்பதால் முன்னால் இடம் பிடிக்க வேண்டும் என்று போய் வந்த எல்லோரும் சொல்கிறார்கள். இன்னொரு விஷயம், படகு நிற்கும் துறை லுவாங் பிரபாங் ஊருக்குள் இல்லை. சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து டுக் டுக் பிடிக்க வேண்டும்.

லுவாங் பிரபாங்குக்கு அப்புறம்தான் எங்கள் திட்டத்தில் சிக்கல் வந்தது. ஜாடிச் சமவெளிக்குப் போக போன்சவான் என்ற ஊர் வரை மலைப்பாதையில் ஒரு பகல் முழுக்க வேன் பயணம். அங்கிருந்து வியந்தியானுக்கு இன்னொரு பகல். நர்ஸ் தோழி கேட்ட ஆற்றோரம் வாங் வியெங். அது ரயில் பாதையில் இருக்கிறது; 2021 டிசம்பரில் திறந்த லாவோஸ்-சீனா ரயிலில் லுவாங் பிரபாங்கில் இருந்து சுமார் ஒரு மணி நேரம். இரண்டையும் எல்லோரும் பார்ப்பது என்றால் யாருக்கும் ஓய்வு இல்லை. ஒன்றை விட்டால் ஒருவரின் தூண் விழுகிறது. இதைப் பேசிய அன்று ராத்திரி குரல்கள் கொஞ்சம் உயர்ந்தன.

கடைசியில் வரலாற்றுத் தோழிதான் சொன்னாள்: "நாலு பேரும் எல்லா நேரமும் ஒட்டிக்கிட்டே இருக்கணும்னு யார் சொன்னது?" அந்த ஒரு கேள்வியில் எல்லாம் அவிழ்ந்துவிட்டது. அவளும் நானும் போன்சவான் போகிறோம். மற்ற இருவரும் வாங் வியெங். வியந்தியானில் சேர்கிறோம். இதைப் பயணத்தின் நடுவில், களைப்பிலும் கோபத்திலும் முடிவு செய்திருந்தால் நட்பில் ஒரு கீறல் விழுந்திருக்கும். கிளம்பும் முன்பே திட்டத்தில் எழுதிவிட்டதால் அது இப்போது எல்லோருக்கும் சந்தோஷமான பகுதியாக இருக்கிறது. சேர்ந்து போகிற எந்தக் கூட்டத்துக்கும் நான் இதையே சொல்வேன்: பிரிகிற நாட்களை முதலிலேயே குறித்து வையுங்கள்.

பிரிவதற்கும் விதி போட்டோம். யாரும் தனியாகப் போகக் கூடாது. பொதுப் பையில் பாதி இங்கே, பாதி அங்கே. நால்வரின் பாஸ்போர்ட், விசா, இன்சூரன்ஸ் நகலும் இரண்டு பக்கமும். தினமும் சாயங்காலம் ஒரு செய்தி. சேரும் இடம், நாள் இரண்டும் உறுதி. மலைப்பாதையில் தாமதம் ஆகலாம் என்பதால் ஹனோய் விமானத்துக்கு முன்னால் ஒரு நாளைக் காலியாக விட்டிருக்கிறோம்.

போன்சவானைப் பற்றி ஒரு விஷயத்தை நான் கட்டாயம் எழுத வேண்டும். 1964க்கும் 1973க்கும் நடுவில் அமெரிக்க விமானங்கள் லாவோஸில் கொட்டிய குண்டுகள் 20 லட்சம் டன்னுக்கு மேல். கொத்துக் குண்டுகள் வானில் திறந்து சிதறிய சிறு குண்டுகள் மட்டும் சுமார் 27 கோடி. அவற்றில் 30 சதவீதம் வரை வெடிக்கவில்லை என்று கணக்கிடுகிறார்கள். ஜாடிகள் நிற்கும் சியெங் குவாங் மாகாணம் மிக மோசமாகத் தாக்கப்பட்ட இடங்களில் ஒன்று. ஆளுயரத்துக்கும் மேல் நிற்கும் ஜாடிகள் உள்ள இந்த இடம் 2019இல் யுனெஸ்கோ பட்டியலுக்கு வந்தது. வருவதற்கு முன்னால் அந்தப் புல்வெளியை அங்குலம் அங்குலமாகத் தேடிச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அங்கே சுத்தம் செய்த எல்லையைக் காட்டத் தரையில் அடையாளக் கற்கள் பதித்திருக்கிறார்கள். நல்ல போட்டோவுக்காகக்கூட அவற்றைத் தாண்டி ஒரு அடி வைக்கக் கூடாது. போருக்கு அப்புறம் பிறந்த குழந்தைகள் வயலில் கிடந்த குண்டை எடுத்து விளையாடிச் செத்திருக்கிறார்கள். அந்த மண்ணில் நடப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு நடக்க வேண்டும். வியந்தியானில் சேர்ந்ததும், கை கால் இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்பு செய்து தரும் கோப் மையத்துக்கு நால்வரும் போகிறோம்.

வாங் வியெங் போகும் இருவருக்கும் ஒரே கட்டளைதான். 2024 நவம்பரில் அங்கே மெத்தனால் கலந்த சாராயத்தால் வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் இறந்தார்கள். மெத்தனால் இருப்பது வாசனையிலும் தெரியாது, ருசியிலும் தெரியாது. இலவசமாக நீட்டும் எந்த மதுவையும் தொடுவதில்லை என்று பைக் நண்பன் எங்கள் முன்னால் சொல்லிவிட்டான்.

விசா விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்ல வேண்டும். எங்களில் ஒருவருடையது முடியப் போகிறது என்று முதல் வாரமே தெரிந்ததால் புதுப்பிக்க நேரம் கிடைத்தது. தாய்லாந்துக்கு 2025 மே மாதத்தில் இருந்து டிஜிட்டல் வருகை அட்டை உண்டு. இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், கட்டணம் இல்லை. லாவோஸ் விசா பாலத்திலேயே கிடைக்கும். போட்டோவும் டாலரும் வேண்டும். கசங்காத, கிறுக்கல் இல்லாத டாலர் நோட்டாக எடுத்துப்போவது முக்கியம். வியட்நாம் இ-விசா ஒருமுறை நுழைய 25 டாலர், 90 நாள் வரை. எந்த வாசல் வழியாக நுழைகிறோம் என்று விண்ணப்பத்திலேயே குறிப்பிட வேண்டும். சில எல்லைச் சாவடிகளில் இ-விசா செல்லாது. நாங்கள் பேருந்தை விட்டு விமானத்தைப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். இடைத்தரகர்களின் தளங்கள் அரசுத் தளம் மாதிரியே இருக்கும். 'ஜிஓவி டாட் விஎன்' என்று முடியும் முகவரியில் மட்டும் விண்ணப்பியுங்கள்.

நம் ஆட்களுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. எங்களில் இருவர் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலி. விமான டிக்கெட்டிலோ அதை நிரப்பாமல் மேலே நகரவே முடியாது. பணம் கட்டுவதற்கு முன்னால் விமான நிறுவனத்துக்கு எழுதி, எப்படிப் போட வேண்டும் என்று பதில் வாங்கி வைத்துக்கொண்டோம். டிக்கெட்டும் விசாவும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போக வேண்டும்.

பை ஆளுக்கு 40 லிட்டர், ஏழு கிலோவுக்குள். உள்ளே வைப்பதை முடிவு செய்வது நர்ஸ் தோழி. கொசு மருந்தை ஸ்பிரேயாக வாங்காமல் கிரீமாக வாங்கச் சொன்னாள். லாவோஸ் ரயில் நிலையப் பாதுகாப்புச் சோதனையில் ஸ்பிரே டப்பாக்களையும் கத்திகளையும் பறித்துவிடுகிறார்கள். பவர் பேங்க் கைப்பையில்தான். 20,000 எம்ஏஹெச் என்றால் 74 வாட்-அவர், விமானத்தில் அனுமதிக்கும் 100க்குள் இருப்பதால் பிரச்சினை இல்லை. டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ ஊசிகளை மருத்துவரிடம் கேட்டுப் போட்டாயிற்று. வெறிநாய்க்கடி முன்தடுப்பு ஊசியும். நாய் கடித்தால், எந்த ஊசி போட்டிருந்தாலும், முதலில் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவ வேண்டும் என்பதை அவள் எங்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள்.

ஹா ஜியாங் பற்றித்தான் மனசு கஷ்டப்பட்ட ஒரு பேச்சு. ஹா ஜியாங் ஊரில் தொடங்கி டோங் வான், மெயோ வாக் வழியாக ஏறி இறங்கும் மலைச் சுற்று அது, சுமார் 350 கிலோமீட்டர். மா பி லெங் கணவாயில் நின்றால் அதலபாதாளத்தில் நோ குவே ஆறு பச்சையாக ஓடும். 2025 ஜூலையில் மாகாணங்களை இணைத்தபோது ஹா ஜியாங் மாகாணம், பக்கத்து மாகாணமான துயென் குவாங்கோடு சேர்ந்துவிட்டது. வரைபடத்தில் தேடும்போது குழம்ப வேண்டாம். நண்பனின் கனவு அந்தப் பாதையைத் தானே ஓட்டிக் கடப்பது. ஆனால் வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தப்படி வழங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை. இந்தியாவில் கொடுப்பது 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி, அதனால் அது அங்கே செல்லாது.

"லைசென்ஸ் இருக்கு, நல்லா ஓட்டத் தெரியும், அப்புறம் என்ன?" என்றான்.

"உனக்கு ஓட்டத் தெரியுமான்னு இன்சூரன்ஸ்காரங்க கேட்க மாட்டாங்கடா. சட்டப்படி ஓட்டலாமான்னுதான் கேட்பாங்க. கால் உடைஞ்சு அந்த மலையில் இருந்து ஹனோய்க்கு உன்னைத் தூக்கிட்டுப் போற செலவை யார் கட்டுறது?" என்றாள் நர்ஸ் தோழி.

அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. மறுநாள் அவனே, உள்ளூர் ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்து போகிற ஏற்பாட்டைத் தேடி எல்லோருக்கும் அனுப்பினான். ஆசைப்பட்டதை இப்படி மாற்றிக்கொள்வது சுலபம் இல்லை. அவன் மேல் எனக்கு மரியாதை கூடியது அன்றுதான். ஓட்டும் கவலை இல்லாததால் பள்ளத்தாக்கை நிதானமாகப் பார்க்கலாம் என்று இப்போது அவனே சொல்கிறான்.

இனி பாக்கி இருப்பது கொஞ்சம்தான். வியட்நாம் விண்ணப்பத்தை அடுத்த வாரம் நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து, ஒருவர் நிரப்புவதை இன்னொருவர் சரிபார்த்து அனுப்பப் போகிறோம். லாவோஸ் ரயில் டிக்கெட் சில நாட்களுக்கு முன்புதான் விற்பனைக்கு வரும். அதை வாங்கும் பொறுப்பு வாங் வியெங் ஜோடிக்கு. லாவோஸ் பணமான கீப்பை நாட்டுக்கு வெளியே மாற்றுவது கஷ்டம் என்பதால், மிச்சத்தை வியந்தியானிலேயே தீர்த்துவிட வேண்டும் என்று பொதுப் பை வைத்திருப்பவருக்குச் சொல்லியாயிற்று. வியட்நாமில் 20,000 டோங் நோட்டும் 500,000 டோங் நோட்டும் இரண்டுமே நீலம். பெரிய நோட்டைத் தனி அறையில் வைக்க, இரண்டு அறை உள்ள பர்ஸ் ஒன்று வாங்க வேண்டும்.