கூம்பு வரிசை கார் திரைக்குப் போகும் வழி: ஒரு லேன் அடைப்பைத் தரவாக்கிய அனுபவம்

அமெரிக்காவில் இரவு வேலைக்காக நெடுஞ்சாலையின் ஒரு லேனை அடைத்தால், அதைக் கார்களுக்கும் வழிகாட்டிச் செயலிகளுக்கும் சொல்ல ஒரு பொது வடிவம் இருக்கிறது. அந்நாட்டுப் போக்குவரத்துத் துறை முன்னின்று உருவாக்கிய ‘ஒர்க் சோன் டேட்டா எக்ஸ்சேஞ்ச்’தான் அது. நாங்கள் செய்தது 4.2 பதிப்பில். பிரித்துப் பார்த்தால் வெறும் ஜியோஜேசான் கோப்பு, அதாவது வரைபட இடங்களை எழுத்தாக எழுதிவைக்கும் ஒரு பொது வடிவம். எழுதுவது பெரிய வித்தை இல்லை. சிக்கல் முழுவதும் ரோட்டில் இருக்கிறது.

எல்லோரும் முதலில் அனுமதி அட்டவணையை எடுத்து ஃபீடாக (செயலிகள் தொடர்ந்து படிக்கும் தரவாக) மாற்றுவார்கள். அதை நம்பக்கூடாது. கையில் இருக்கட்டும் என்று ஒப்பந்ததாரர் வாரம் முழுவதற்கும் இரவு 9 முதல் காலை 5 வரை அனுமதி வாங்கி வைத்திருப்பார். மழை பெய்தால் ஆளே வரமாட்டார்கள். காலி ரோட்டில் ‘வலது லேன் மூடல்’ என்று இரண்டு முறை பார்த்த ஓட்டுநர் மூன்றாவது முறை திரையைத் திரும்பியும் பார்க்கமாட்டார். அதனால் அட்டவணையிலிருந்து வரும் எதற்கும், நேரமும் இடமும் சரிபார்க்கப்பட்டதாகச் சொல்லும் கோப்பின் நான்கு புலங்களிலும் (தகவல் கட்டங்களிலும்) ‘இல்லை’ என்றே போட வேண்டும். களத்திலிருந்து தகவல் வந்த பிறகுதான் ‘ஆம்’.

களத் தகவலுக்கு அம்புக்குறி மின்பலகையே நல்ல வழி. எப்படியும் அது டேப்பர் அருகில், அதாவது லேனைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடும் சாய்வான கூம்பு வரிசைக்கு அருகில், நிற்கப்போகிறது. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஜிபிஎஸ்ஸும் செல் மோடமும் சேர்ந்த சிறு கருவியைப் பொருத்தினால், எங்கே நிற்கிறது, எந்த அம்பு எரிகிறது என்று இரண்டையும் அனுப்பும்.

ஆனால் பலகை நிற்கும் இடத்தையே அடைப்பின் தொடக்கம் என்று எழுதிவிடக்கூடாது. 60 மைல் வேகச் சாலையில் 12 அடி லேனை அடைக்க, டேப்பர் நீளம் 12 × 60 = 720 அடி. கூம்புகளுக்கு இடையே அதிகபட்சம் 60 அடி, ஆக 13 கூம்பு. பலகை டேப்பரின் தொடக்கத்தில் தோள்பட்டையில் (சாலையின் ஓரப் பட்டையில்) நிற்க வேண்டும் என்பது அமெரிக்கப் போக்குவரத்து விதிநூலின் பரிந்துரை. தோள்பட்டை குறுகலாக இருந்தால் அடைத்த லேனுக்குள் கூம்புகளுக்குப் பின்னால் வைப்பார்கள். அப்போது முதல் கூம்பு பலகைக்குப் பல நூறு அடி முன்னாலேயே வந்துவிடும். முதல் கூம்பில் தனி இடக்காட்டிக் கருவி வைப்பது சரியான தீர்வு. அது இல்லாதபோது தொடக்கப் புள்ளியை டேப்பர் நீளம் முழுவதற்கும், வண்டிகள் வரும் பக்கமாக, பின்னுக்குத் தள்ளினோம். பலகை உண்மையிலேயே தொடக்கத்தில் நின்றிருந்தால் எச்சரிக்கை சுமார் 8 விநாடி முந்தி வரும். முந்தி வந்தால் பரவாயில்லை, பிந்தக்கூடாது.

இடத்தை எப்படிக் குறித்தோம் என்று சொல்லும் புலத்தைப் பலர் ‘தெரியாது’ என்று விட்டுவிடுகிறார்கள். எங்கள் பார்வையில் கோப்பிலேயே முக்கியமான வரி அதுதான். ஃப்ரீவேயில் எச்சரிக்கைப் பலகைகளுக்கு வழக்கமான இடைவெளி, டேப்பரிலிருந்து பின்னோக்கி, 1,000, 1,500, 2,640 அடி. மொத்தம் 5,140 அடி, கிட்டத்தட்ட ஒரு மைல். ஒரு மாவட்டம் முதல் எச்சரிக்கைப் பலகையிலிருந்தும் பக்கத்து மாவட்டம் முதல் கூம்பிலிருந்தும் கணக்கிட்டால், ஒரே மாதிரியான இரண்டு அடைப்பு திரையில் ஒரு மைல் வேறுபடும். கூம்பு முறையா, பலகை முறையா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லா இடத்திலும் அதையே வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது திசை. கோப்பில் எழுத வேண்டியது சாலைக்கு வைத்த பெயர்த் திசை, திசைகாட்டி காட்டுவது அல்ல. கலிபோர்னியாவில் பெர்க்லி அருகே ஒரே சாலை ஐ-80 கிழக்கு, ஐ-580 மேற்கு என்று இரண்டு பெயரையும் சுமக்கிறது. வண்டிகள் ஓடுவதோ வடக்கே. ஜிபிஎஸ் காட்டும் திசையைக் கொண்டு தானாக நிரப்பும் நிரல் இங்கே கட்டாயம் தவறும். மேம்பாலங்களிலும் பக்கச் சாலைகளிலும் ஜிபிஎஸ் புள்ளியை அருகிலுள்ள சாலைக் கோட்டில் ஒட்டவைக்கும் நிரலும் அப்படியே. பலகை எந்தச் சாலைக்கு என்பதை அனுமதி எண்ணோடு இணைத்துவிட்டால் பாதித் தலைவலி போகும்.

ஆயத்தொலைவுகளில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. சிகாகோவின் 41.9, -87.6 ஐ மாற்றிப் போட்டால் அடைப்பு அண்டார்டிகாவுக்குப் போய்விடும். கழித்தல் குறியை விட்டால் சீனாவின் சின்ஜியாங். வேடிக்கை என்னவென்றால் இரண்டையும் கோப்புச் சரிபார்ப்பான் ஏற்றுக்கொள்ளும், எண்கள் வரம்புக்குள்தானே இருக்கின்றன! மாநில எல்லைக்குள் இருக்கிறதா என்று தனிச் சோதனை எழுதியே ஆகவேண்டும். நேரம் யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில். சிகாகோவில் இரவு 9 மணி என்பது கோடையில் மறுநாள் 02:00, குளிர்காலத்தில் 03:00. நிரலில் ஐந்து மணி நேரம் என்று நிலையாக எழுதிவைத்தால் நவம்பரில் ஒரு மணி நேரம் தப்பும்.

லேன் எண் இடப்பக்கத்திலிருந்து 1, 2, 3. வெளியேறும் லேன் சேரும் இடத்தில் ‘வலது லேன்’ என்று பணிக்குழு சொல்வது மூன்றாவதா நான்காவதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு அடைப்புக்கும் ஒரே அடையாள எண் கடைசிவரை இருக்க வேண்டும். புதுப்பிக்கும்போதெல்லாம் புது எண் கொடுத்தால் எதிர்முனையில் ஒரே இடத்தில் நூறு அடைப்பு குவியும். ‘பணியாளர் இருக்கிறார்கள்’ என்ற புலத்தை அட்டவணையை வைத்து நிரப்பவே வேண்டாம்.

மின்பலகை பொய் சொல்லும் சமயங்களும் உண்டு. கிடங்கில் விளக்குச் சோதனை நடக்கும்போது அம்பு எரியும். கிடங்கு முகவரிகளைச் சுற்றி விலக்கு எல்லை போட வேண்டும். இழுத்துச் செல்லும்போது அணைக்க மறந்தால் அடைப்பு 60 மைல் வேகத்தில் நகரும். நான்கு மூலை மினுக்கல் எச்சரிக்கை மட்டுமே, லேன் மூடல் அல்ல.

கார்களுக்கு நேரடியாகச் செய்தி அனுப்பும் சாலையோர ரேடியோ பற்றி: 2020 நவம்பரில் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 5.9 கிகாஹெர்ட்ஸில் 45 மெகாஹெர்ட்ஸை வைஃபைக்குப் பிரித்துக் கொடுத்தது, வாகனத் தொடர்புக்கு மிஞ்சியது 30. அதைக் கேட்கும் கார்களும் இன்னும் குறைவு. ரேடியோ 300 மீட்டர் எட்டும் என்று வைத்துக்கொண்டாலும் டேப்பரில் நட்டால் 60 மைல் வேகத்தில் கிடைப்பது 11 விநாடிதான். முதல் எச்சரிக்கைப் பலகைக்கு அருகே நடுவது மேல். இப்போதைக்குச் செல்வலை ஃபீடே அதிகம் பேருக்குப் போய்ச் சேர்கிறது.

திறப்பதை விட முடிப்பது கடினம். கூம்புகளைக் கடைசியிலிருந்து பின்னோக்கி எடுத்து வருவார்கள், டேப்பர் போன பிறகு பலகை அணையும். ஆக அம்பு அணைந்தால் லேன் திறந்தது என்று கொள்ளலாம். ஆனால் பலகையை நகர்த்தி வைக்கவும் அணைப்பார்கள், அதனால் 15 நிமிடம் பொறுத்துவிட்டு முடித்தோம். சமிக்ஞையே நின்றுபோனால் கதை வேறு: பேட்டரி தீர்ந்திருக்கலாம், ரோட்டில் ஆட்கள் இருக்கலாம். அப்போது அடைப்பை நீக்காமல் சரிபார்ப்புப் புலங்களை மட்டும் ‘இல்லை’ என்று மாற்றி, மேற்பார்வையாளருக்குப் போன் போடுவோம்.