24ஆம் தேதி மதியம் எங்கள் வீட்டுக்கு

டிசம்பர் பிறந்ததும் ஊரிலிருந்து வருகிற முதல் கேள்வி, "பண்டிகைக்கு வருவியளா?" என்பதுதான். வர மாட்டோம். கிறிஸ்தவ ஊழியத்தில் இருக்கிறவர்களுக்கு டிசம்பரில் லீவு கிடையாது, வருஷத்து வேலையெல்லாம் அந்த ஒரு மாதத்தில்தான் ஒன்றாக வந்து நிற்கும். கோத்தகிரிக்கு வந்ததிலிருந்து எங்கள் கிறிஸ்மஸ் இங்கேதான். இப்போது எங்களைப் போலச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பணித்தளத்துக்குப் போகிற இளம் குடும்பங்கள் சில எனக்குத் தெரியும், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: ஊழியத்துக்கு எல்லாவற்றையும் கொடுங்கள், உங்கள் பிள்ளைகளின் கிறிஸ்மஸை மட்டும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

எங்களுக்கு ஊர் நாசரேத், தூத்துக்குடி மாவட்டம். அந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கிறிஸ்மஸ் எப்படி என்று சொல்ல வேண்டியதே இல்லை. டிசம்பர் முதல் தேதியே வீட்டுக்கு வீடு ஸ்டார் ஏறிவிடும், வீடு வீடாகப் பாடிப் போகிற கேரல் ரவுண்ட்ஸ் ராத்திரி ஒரு மணி, இரண்டு மணி வரை நடக்கும், கடைசி வீட்டில் சுக்குக் காப்பி குடித்துவிட்டுத் தூக்கக் கலக்கத்தோடு வீடு திரும்புவோம். 25ஆம் தேதி விடியும் முன்னே ஆலய மணி அடித்ததும் தெரு முழுக்கப் புதுத்துணி வாசனை. ஆராதனை முடிந்து வந்தால் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். இதெல்லாம் ஒரு பெரிய கூட்டத்தோடு சேர்ந்தே நடக்கிற விஷயம், அங்கே யாரும் தனியாகப் பண்டிகை கொண்டாடிப் பார்த்ததில்லை.

அந்த ஊரே ஒருவகையில் வீட்டை விட்டு வந்தவர்களால் உண்டானதுதான். கனோன் ஆர்தர் மர்காஷிஸ் 1876இல் நாசரேத்துக்கு வந்தவர், 1908இல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். அவர் பெயரில் உள்ள பள்ளியில்தான் எங்கள் வீட்டு ஆண்பிள்ளைகள் எல்லாரும் படித்தார்கள். அந்த வேப்பமரத்து வெயிலில் இங்கிலாந்துக்காரர் ஒருவர் முப்பது கிறிஸ்மஸுக்கு மேல் எப்படிக் கழித்திருப்பார் என்று எங்கள் ஊரில் யாரும் பேசிக் கேட்டதில்லை. எனக்கு அந்த யோசனை இந்த மலைக்கு வந்த பிறகுதான் வந்தது. அப்புறம் பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா. 1903இல் திருநெல்வேலிக்காரர்கள் சேர்ந்து இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பித்ததில் முன்னால் நின்றவர், பிறகு தாமே நைஜாம் சீமையில் தோர்னக்கலுக்குப் போய்த் தெலுங்கு மக்கள் நடுவே வாழ்ந்தவர். 1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் அவரைப் பிஷப்பாக அபிஷேகம் செய்தார்கள், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பிஷப். பண்டிகை முடிந்து நாலே நாள். அந்தக் கிறிஸ்மஸை அவர் வீட்டுப் பிள்ளைகள் எப்படிக் கொண்டாடினார்கள் என்பதைத்தான் தெரிந்துகொள்ள ஆசை. இந்த மாதிரிச் சரித்திரங்களில் பிள்ளைகளைப் பற்றி ஒரு வரிகூட இருப்பதில்லை.

என் அம்மா இன்றைக்கும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியாக ஒரு டப்பாவில் போடுகிறவள். மிஷன் காணிக்கை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்த டப்பா அடுப்பங்கரையில் இருக்கிறது. இப்போது அவள் பெற்ற மகளே அந்த அரிசியில் சாப்பிடுகிறாள் என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுவாள்.

சரி, கோத்தகிரிக்கு வருகிறேன். சுமார் 6000 அடி உயரம். டிசம்பரில் ஊட்டி தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படிந்து கிடக்கும், எங்களுக்கு அந்த அளவு இல்லை, ஆனால் வடகிழக்குப் பருவமழையின் வால் இன்னும் இருக்கும், மழை இல்லாத நாளில் மூட்டம். இந்த மூட்டத்தில் நாசரேத் பலகாரம் செய்கிறது என்பது தனிக் கலை. அதிரசத்துக்குப் பச்சரிசியை ஊறவைத்து வடித்து, வேட்டித் துணியில் பரப்பி நிழலில் உலர்த்தி, கையில் பிடித்தால் லேசாக ஈரம் ஒட்டுகிற பதத்தில் எடுத்து இடிக்க வேண்டும். ஊரில் இது ஒரு மணி நேர வேலை. இங்கே காலையில் விரித்த அரிசி சாயங்காலமும் அப்படியே ஈரமாகக் கிடக்கும், கொஞ்சம் விட்டால் புளித்த வாடை வந்துவிடும். அம்மா போனில், "ஏட்டி, காயாத அரிசியில மாவு இடிக்காத, எண்ணெயில போட்டா பிரிஞ்சு போவும்" என்று படித்துப் படித்துச் சொல்வாள். அடுப்புக்கு மேலே கொடி கட்டி, முறத்தைத் தொங்கவிட்டு உலர்த்திப் பார்த்தேன், ஓரளவு வந்தது, ஆனால் புகை வாசனை. அதனால் எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் பலகாரம் என்றால் இப்போது முந்திரிக்கொத்துதான். பாசிப்பயறை வறுத்து உடைத்துத் திரித்துவிட்டால் உலர்த்துகிற பிரச்சினையே இல்லை. தேங்காய்ப்பூ வறுத்து, எள் போட்டு, வெல்லப்பாகில் சூட்டோடு உருண்டை பிடிக்க வேண்டும், இந்தக் குளிரில் பாகு சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் நாலு கை ஒரே நேரத்தில் பிடித்தால்தான் உண்டு. அந்த நாலு கை எங்கள் நாலு பேருடையது. சின்னவள் பிடிக்கிற உருண்டை கோலிக்குண்டு அளவுதான் இருக்கும், அதையும் தனியாகப் பொரித்து எடுப்போம். முறுக்கு சுட்டால் அன்றைக்கே மூடி இறுக்கமான தகர டின்னில் அடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் மறுநாளே நமத்துப்போகும்.

பலகாரம் சுட்ட எண்ணெய்ச் சட்டியை வெளியே வைக்கக் கூடாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சட்டம். கரடி வரும். கோத்தகிரிப் பக்கம் எண்ணெய் வாசனைக்குக் கோயில் கதவை உடைத்து விளக்குக்கு வைத்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகிற கரடிகள் உண்டு, தேயிலைக்குள் காட்டெருமை நிற்கும், கீழே குஞ்சப்பனை ரோட்டில் யானை. அதனால் கேரல் ரவுண்ட்ஸ் பகலில்தான். மூன்று மணிக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் முடித்துவிட வேண்டும், எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் வெளிச்சம் இருக்கும்போதே கித்தாரும் தபேலாவுமாகப் பாடுவோம், தேயிலை பறித்துவிட்டு இறங்கி வருகிற பெண்கள் முதுகுக் கூடையோடு அப்படியே நின்று சேர்ந்து பாடுவார்கள். ராத்திரிக் கேரல்தான் கேரல் என்று பிடிவாதமாக இருந்த என் வீட்டுக்காரருக்கே இப்போது இதுதான் பிடிக்கிறது.

மரம் வெட்டுவதும் கிடையாது. மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955லிருந்தே இருக்கிறது, அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது. காற்றில் ஒடிந்து விழுந்த சைப்ரஸ் கொப்பு ஒன்றைப் பிள்ளைகள் தேடிக்கொண்டு வருவார்கள், பக்கெட்டில் மண்ணடைத்து அதை நட்டுவிடுவோம். ஊரில் சவுக்குக் கொப்பு வைத்தவர்களுக்கு இது பெரிய ஆடம்பரம். 1840களிலேயே கேத்தியில் வந்து குடியேறிய பாசல் மிஷன் ஜெர்மன்காரர்கள் எந்த மரத்தை வைத்திருப்பார்கள் என்று என் வீட்டுக்காரர் ஒவ்வொரு வருஷமும் கேட்பார், நானும் ஒவ்வொரு வருஷமும் "தெரியாது, கொப்பைப் பிடிங்க" என்பேன்.

இனி முக்கியமான விஷயம். 25ஆம் தேதி எங்கள் வீட்டுக்காரருக்கு எப்படிப் போகும் என்றால், விடியுமுன் கிளம்பி எஸ்டேட்டில் ஆராதனை, அங்கிருந்து ஜீப்பில் இறங்கிச் சரிவில் இருக்கிற இருளர் ஊரில் மதிய ஆராதனையும் சாப்பாடும், சாயங்காலம் வேறொரு இடம். நானும் ஒரு இடத்துக்காவது போவேன், சமையலைப் பார்க்க வேண்டும், ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளின் நாடகத்துக்குச் சேலை கட்டிவிட வேண்டும். தட்டு, டம்ளர் விஷயத்திலும் இங்கே கண்டிப்பு, பிளாஸ்டிக் பூசின தட்டு நீலகிரியில் தடை, அதனால் மேட்டுப்பாளையத்திலிருந்து வாழை இலைக் கட்டு பஸ்ஸில் வரும், அதை எடுக்க ஒரு ஆள் பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். வீடு திரும்பும்போது பிள்ளைகள் புதுத்துணியோடு தூங்கியிருப்பார்கள். ஆரம்பத்தில் இரண்டு மூன்று வருஷம் இப்படித்தான் போனது. ஊரெல்லாம் கிறிஸ்மஸ் நடத்திவிட்டு வந்தால் எங்கள் வீட்டில் கிறிஸ்மஸ் நடக்காமலே முடிந்திருக்கும்.

அதனால் 24ஆம் தேதி மதியத்தை எங்களுக்கு என்று வைத்துக்கொண்டோம். பன்னிரண்டு மணிக்கு மேல் நாலு மணி வரை. இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் அன்றைக்குத்தான், நாசரேத் பக்குவத்தில், தேங்காய் அரைத்துவிட்டு. மாவு இந்தக் குளிரில் பொங்காது என்பதால் 22ஆம் தேதியே ஆட்டிக் கம்பளியில் சுற்றி அடுப்பங்கரையில் வைத்துவிடுவேன். சாப்பிட்டு முடித்ததும் நாலு பேரும் சுற்றி உட்கார்ந்து லூக்கா இரண்டாம் அதிகாரத்தை ஆளுக்கு ஐந்து வசனம் வாசிப்போம், பிறகு ஊரில் பாடுகிற பழைய கீர்த்தனைகள், பிறகு பரிசு. அந்த நாலு மணி நேரமும் ஊழியப் பேச்சு கிடையாது. கதவைத் தட்டி யார் வந்தாலும் உட்காரவைத்து இட்லி கொடுப்போம், ஜீப்புக்கு டீசல் போட்டாச்சா என்கிற கேள்விக்கு மட்டும் நாலு மணிக்கு மேல்தான் பதில். இது சுயநலம் என்று மூத்த ஊழியர் ஒருவர் எங்களிடம் முகத்துக்கு நேராகவே சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பாவைக் கிறிஸ்மஸ் அன்றைக்குப் பார்க்கவே முடியாமல் வளர்கிற பிள்ளைக்குக் கிறிஸ்மஸ் எப்படிப் பிடிக்கும்?

அந்த மதியத்துக்குத் தவறாமல் வருகிற ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லைன் வீட்டில் இருக்கிற ஒரு பாட்டி, இலங்கையில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு என்று பிரிக்கப்பட்ட 5,25,000 பேரில் அவர் குடும்பமும் ஒன்று. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் வேலை என்று இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்கள். டிரங்குப் பெட்டியில் கொண்டுவந்த சாமான்களில் இன்றும் மிச்சமிருப்பது ஒரு கொக்கிஸ் அச்சு (கொக்கிஸ் என்பது நம் அச்சு முறுக்கு மாதிரி இலங்கைப் பலகாரம்), பித்தளைப் பூவும் நீளக் கம்பியுமாக, கைப்பிடி மரம் மட்டும் இங்கே வந்து மாற்றியது. அதை எண்ணெயில் காயவைத்து, தேங்காய்ப்பால் விட்டுக் கரைத்த மாவில் முக்கால்வாசி முக்கி எடுத்து மறுபடி எண்ணெயில் விட்டு ஒரு தட்டு தட்டுவார், பூ கழன்று மிதக்கும். முழுக்க முக்கினால் கழலாது என்று என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். "நத்தாருக்கு எங்க தோட்டத்துல இத சுடாத வீடு கெடையாது புள்ள" என்பார், நத்தார் என்றால் அவர்கள் பக்கம் கிறிஸ்மஸ். ஊருக்குப் போக முடியவில்லையே என்று எனக்குக் கண் கலங்குகிற நாட்களில் இவர் முன்னால் அதைச் சொல்ல வாய் வராது. எனக்கு ராத்திரி பஸ் ஏறினால் ஊர். அவருக்கு?

பிள்ளைகள் விஷயமே வேறு. பள்ளியில் ஏதோ ஒரு படிவத்தில் சொந்த ஊர் என்ற இடத்தில் மகன் கோத்தகிரி என்று எழுதிக்கொண்டு வந்தான். நாசரேத் என்று திருத்தச் சொல்லலாமா என்று யோசித்தேன், சொல்லவில்லை. கோத்தகிரிதான் அவன் ஊர். மூட்டம், சைப்ரஸ் கொப்பு, பகல் கேரல், கொக்கிஸ், இதுதான் அவனுக்குக் கிறிஸ்மஸ். வெளியூரில் பண்டிகை கொண்டாடுவது நானும் அவன் அப்பாவும்தான். இது புரிந்த பிறகு, "பாவம் பிள்ளைகள், ஊர்க் கிறிஸ்மஸே தெரியாமல் வளருது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. தயவுசெய்து பிள்ளைகள் காதுபட அப்படிச் சொல்லாதீர்கள்.

இந்த வருஷம் அம்மாவும் அப்பாவும் வருகிறார்கள். கார் பிடித்து வந்தால் நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அந்த ஏற்பாடு. பஸ்ஸில் வந்தால் தேவையில்லை. அப்பா பஸ்ஸில்தான் வருவேன் என்கிறார், அம்மா அதிரச மாவைத் தயாராக இடித்துக்கொண்டு வருகிறாளாம்.

ஊரிலிருந்து ஏதாவது அனுப்ப நினைக்கிற சொந்தங்களுக்கும் சபையாருக்கும்: பார்சல் 15ஆம் தேதிக்குள் கிடைக்கிற மாதிரி அனுப்புங்கள். பழைய துணி வேண்டாம், போன வருஷம் வந்த மூட்டையில் பாதி கிழிசல், லைன் வீட்டில் இருக்கிறவர்களுக்கும் மானம் மரியாதை உண்டு. ஸ்வெட்டர், குல்லா, கம்பளி, எதுவானாலும் புதிதாக ஒன்றே ஒன்று போதும். அப்புறம், 25ஆம் தேதி விடியற்காலையில் ஆலய மணியைக் கேட்கவைக்கிறேன் என்று யாரும் போன் போட வேண்டாம், அந்த நேரத்தில் அதைக் கேட்டால் என்னால் அன்றைக்கு வேலை செய்ய முடியாது. 26ஆம் தேதி பத்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள், அன்றைக்கு எல்லோரும் வீட்டில்தான் இருப்போம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.