ஃபிரேம்வொர்க்குக்கு வெளியே என்ன படிக்கலாம்?

மென்பொருள் வேலையில் முதல் சில வருடங்கள் கருவிகளைப் பழகுவதிலேயே போய்விடும். ஒரு மொழி, ஒரு ஃபிரேம்வொர்க், கிட், டேட்டாபேஸ், டெஸ்ட் எழுதும் பழக்கம். இது இல்லாமல் முடியாது. ஆனால் ஆர்க்கிடெக்ட், மேனேஜர் என்று பாதை பிரியும் கட்டத்திலும் பலர் அடுத்த ஃபிரேம்வொர்க்கையே தேடுகிறார்கள். அந்த நேரத்தைக் கணிதம், தர்க்கம், மொழியியல் என ஏதாவது ஒன்றுக்குக் கொடுப்பது நல்லது என்பேன். படித்தது நேராக நிரலுக்குள் வந்து சேரும்.

காத்திருக்கும் வரிசைகளைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாட்டைப் பாருங்கள். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்ற கணிதவியலாளர் 1909இல் வெளியிட்ட கட்டுரையில் தொடங்கிய துறை இது. இதில் முதலில் கற்க வேண்டியது 1961இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி: ஒரு அமைப்புக்குள் சராசரியாக இருப்பவற்றின் எண்ணிக்கை, வருகை வேகத்தையும் தங்கும் நேரத்தையும் பெருக்கினால் கிடைக்கும். விநாடிக்கு 200 ரிக்வெஸ்ட் வருகிறது, ஒவ்வொன்றும் டேட்டாபேஸ் கனெக்ஷனை 0.25 விநாடி பிடித்து வைக்கிறது என்றால், எந்த நேரத்திலும் சராசரியாக 50 கனெக்ஷன் வேண்டும். தயாராக வைத்திருக்கும் கனெக்ஷன்களின் தொகுப்பான பூலில் 20 மட்டும் இருந்தால் விநாடிக்கு 80 தான் வெளியேறும். மீதி குவிந்து டைம்அவுட் ஆகும். டைம்அவுட் ஆனதை கிளையன்ட் உடனே மறுபடி அனுப்பினால் வருகை வேகமே ஏறிவிடும், கணக்கு குலைந்துபோகும். அதனால் மறுமுயற்சிக்கு உச்சவரம்பு வையுங்கள். இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள், அதில் கொஞ்சம் ரேண்டமும் கலந்து.

அடுத்தது தர்க்கம். 1970இல் எட்கர் காட் (Codd) என்ற கணினி அறிஞர் முன்வைத்த, தரவை அட்டவணைகளாகப் பார்க்கும் ரிலேஷனல் மாதிரி கணக் கோட்பாட்டின் மேல் கட்டப்பட்டது. இத்தகைய டேட்டாபேஸில் தேடப் பயன்படும் மொழியான எஸ்கியூஎல்லில் (SQL) உண்மை, பொய் தவிர ‘தெரியாது’ என்று மூன்றாவது மதிப்பும் உண்டு. ‘பட்டியலில் இல்லாதவை’ என்று கேட்கும் ‘நாட் இன்’ (NOT IN) பட்டியலில் ஒரே ஒரு நல் (NULL, மதிப்பு தெரியாத இடம்) நுழைந்தால் போதும், அட்டவணையின் ஒரு வரிசைகூட விடையில் வராது, எரரும் வராது. பட்டியலில் 1-உம் நல்லும் இருந்தால், 5 என்பது 1-க்குச் சமமல்ல, நல்லுக்குச் சமமா என்பது தெரியாது, ஆக முழு நிபந்தனையும் ‘தெரியாது’. வரிசைகளை வடிகட்டும் ‘வேர்’ (WHERE) உண்மையை மட்டுமே அனுமதிக்கும். அதற்குப் பதில், பொருந்தும் வரிசை ஏதும் இல்லையா என்று பார்க்கும் ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ (NOT EXISTS) எழுதினால் இந்தப் பொறி இல்லை.

எழுத்துமுறை பற்றிய ஆர்வமும் இப்படித்தான் உதவும். ‘கொ’ என்பதை, எழுத்துகளுக்கு எண் தரும் தரமான யூனிகோடில் இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம், கொம்பையும் காலையும் பிரித்து மூன்றாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது, ஒன்றைத் தேடினால் மற்றது சிக்காது. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே நார்மலைசேஷன் வடிவத்துக்கு மாற்ற வேண்டும்.

எப்படிப் படிப்பது? ஒரு நேரத்தில் ஒரு துறை, ஒரு பாடப்புத்தகம், பயிற்சிக் கணக்குகளோடு. வீடியோ மட்டும் பார்த்தால் புரிந்த மாதிரி இருக்கும், கை வராது. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் சின்ன நிரல் ஒன்று எழுதுங்கள். வரிசைக்கு என்றால், வருகை இடைவெளியும் வேலை நேரமும் எக்ஸ்பொனென்ஷியல் பரவலில் (பெரும்பாலும் சிறியவை, எப்போதாவது மிகப் பெரியவை) வரும் ஒற்றை சர்வரை சிமுலேட் செய்யலாம். சர்வர் 50% பிஸியாக இருந்தால் காத்திருப்பும் சேர்ந்த சராசரி மொத்த நேரம் வேலை நேரத்தைப் போல் 2 மடங்கு, 80% என்றால் 5 மடங்கு, 95% என்றால் 20 மடங்கு வர வேண்டும். 95%இல் சில ஆயிரம் வருகைகளோடு நிறுத்தினால் ஒவ்வொரு ஓட்டத்திலும் விடை தாறுமாறாக மாறும்; லட்சக்கணக்கில் ஓட்ட வேண்டும். பிறகு இடைவெளியையும் வேலை நேரத்தையும் மாறாத எண்களாக்கிப் பாருங்கள். அதே 95%இல் காத்திருப்பே இருக்காது. நெரிசலை உண்டாக்குவதில் சுமைக்குச் சமமான பங்கு ஏற்ற இறக்கத்துக்கும் இருப்பது அப்போது எண்ணாகவே தெரியும்.